சாலைவழிச் சேவைப் பரப்பு: கியூஜிஐஎஸ் பயில்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவை மக்களுக்கு எவ்வளவு எட்டத்தில் இருக்கின்றன என்பதை வரைபடத்தில் காட்ட விரும்பும் மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சில ஆண்டுகளாகக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். யார் வந்தாலும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கித் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருச்சியும் திருவரங்கமும்தான். தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் சூழ்ந்த அந்தத் தீவில், நேர்க்கோட்டுத் தூரத்துக்கும் நடக்க வேண்டிய தூரத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

சேவைப் பரப்பு என்றால் என்ன? அந்தப் பலகோணம் எதைக் காட்டுகிறது?

ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு, இருக்கின்ற சாலைகளின் வழியாகவே சென்று, குறிப்பிட்ட தூரத்துக்குள் அல்லது நேரத்துக்குள் அடையக்கூடிய பகுதியைச் சூழ்ந்து வரையப்படும் பலகோணமே சேவைப் பரப்பு. தூரத்துக்குப் பதிலாக நேரத்தை அளவாகக் கொண்டால் அதன் எல்லைக்குச் சமநேரக் கோடு, அதாவது ஐசோக்ரோன், என்று பெயர். இந்தக் கருத்து கணினிக்கு முந்தையது. லண்டனிலிருந்து உலகின் எந்தப் பகுதிக்குச் செல்ல எத்தனை நாள் ஆகும் என்பதை வண்ணப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை பிரான்சிஸ் கால்டன் 1881இலேயே வெளியிட்டார்.

பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் போதாதா? அதற்குத்தானே பஃபர் இருக்கிறது?

திருவரங்கத்தில் அம்மாமண்டபம் படித்துறைக்கு அருகில் ஒரு புள்ளியை வைத்து ஒரு கிலோமீட்டர் பஃபர், அதாவது சுற்றிலும் அந்தத் தூரத்துக்கு ஒரு வளையம், போட்டுப் பாருங்கள். வட்டம் காவிரியைத் தாண்டி எதிர்க்கரையையும் தொடும். அங்கே வசிக்கும் குழந்தை இக்கரைக்கு வர வேண்டுமானால் பாலம் இருக்கும் இடத்துக்குப் போய், ஆற்றைக் கடந்து, மாம்பழச்சாலை வழியாக மறுபடி திரும்பி வர வேண்டும். வட்டம் சொல்லும் ஒரு கிலோமீட்டரில் அது அடங்கவே அடங்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர் என்று சொல்லும்போது நடை தூரத்தைத்தான் சொல்கின்றன. காகம் பறக்கும் தூரத்தை அல்ல.

ஆறு இல்லாத ஊரிலும் வட்டம் மிகைப்படுத்தவே செய்யும். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர கிலோமீட்டர். தெருக்கள் கட்டம் கட்டமாகச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் ஊரில், அதே ஒரு கிலோமீட்டரை நடந்து அடையக்கூடிய பகுதி சாய்சதுர வடிவில் 2 சதுர கிலோமீட்டர்தான் வரும். வட்டம் உள்ளே சேர்த்துக்கொண்ட நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உண்மையில் வெளியே இருக்கிறது என்று பொருள். முட்டுச்சந்துகள் மிகுந்த ஊரில் இந்த இழப்பு இன்னும் கூடும்.

எந்த மென்பொருள் வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா?

கியூஜிஐஎஸ் ஒன்றே போதும். அது திறந்த மூல மென்பொருள், கட்டணம் இல்லை. 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து சாலை வலையமைப்புக் கருவிகள் அதன் பிராசஸிங் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மற்ற மென்பொருள்களைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வியில் சொல்கிறேன். தொடங்குபவர் அவற்றைத் தேடிப் போக வேண்டாம்.

சாலைத் தரவு எங்கே கிடைக்கும்?

தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கிடைக்கும். சிறிய பகுதி என்றால் குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலில் 'ஹைவே' என்ற திறவுச்சொல்லைக் கொடுத்து, திரையில் தெரியும் எல்லைக்குள் உள்ள சாலைகளை நேரடியாக இறக்கலாம். மாவட்டம் முழுவதும் வேண்டுமென்றால் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென் மண்டலத்துக்கான தொகுப்பை இறக்கி, வேண்டிய பகுதியை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் வருவதால், நீங்கள் வெளியிடும் வரைபடத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரிய குறிப்பு கட்டாயம் இடம்பெற வேண்டும்.

நடை தூரம் கணக்கிடும்போது 'மோட்டார்வே', அதாவது அதிவிரைவுச் சாலை, வகையை நீக்கிவிடுங்கள். 'டிரங்க்' வகையை நீக்காதீர்கள். வெளிநாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில் இரண்டையும் நீக்கச் சொல்லியிருப்பார்கள். நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் 'டிரங்க்' என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றின் ஓரமாக மக்கள் அன்றாடம் நடக்கிறார்கள். நடைபாதை, ஒற்றையடிப் பாதை, படிக்கட்டு ஆகிய வகைகளும் லேயரில், அதாவது இறக்கிய தரவு அடுக்கில், இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவை இறக்கிவிட்டேன். உடனே கருவியை ஓட்டலாமா?

கூடாது. இறங்கிய தரவு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும். கருவி தூரத்தை லேயரின் அலகிலேயே எதிர்பார்ப்பதால், பாகையில் உள்ள லேயருக்கு 1000 என்று கொடுத்தால் அது 1000 மீட்டர் என்ற பொருளைத் தராது. ஆகவே 'ரீபுரொஜக்ட் லேயர்' கருவியால் உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு முதலில் மாற்றுங்கள். 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள சென்னை, திருச்சி, மதுரை ஆகியவை 44ஆம் மண்டலம், மென்பொருளில் அதைக் குறிக்கும் இபிஎஸ்ஜி எண் 32644. மேற்கே உள்ள கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகியவை 43ஆம் மண்டலம், எண் 32643. திண்டுக்கல் நகரம் கோட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே எந்த மண்டலத்தை எடுத்தாலும் பிழை மிகச் சிறியது, ஆனால் எல்லா லேயர்களும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, சாலைகளை ஊராட்சி எல்லையோடோ வார்டு எல்லையோடோ வெட்டிவிடாதீர்கள். எல்லையோரப் பள்ளிக்குப் போகும் வழி பக்கத்து ஊராட்சிக்குள் நுழைந்து வெளியே வரலாம். அந்தத் துண்டு இல்லாவிட்டால் பரப்பு காரணமின்றிச் சுருங்கும். நீங்கள் கணக்கிடப் போகும் தூரத்தைவிடக் கூடுதலான அகலத்துக்கு எல்லைக்கு வெளியேயும் சாலைகளை வைத்திருங்கள்.

எந்தக் கருவி? எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும்?

பிராசஸிங் பெட்டியில் 'நெட்வொர்க் அனாலிசிஸ்' பிரிவின் கீழ் 'சர்வீஸ் ஏரியா' என்று தொடங்கும் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று ஒரே புள்ளிக்கு, மற்றொன்று புள்ளிகள் கொண்ட லேயருக்கு. இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். வலையமைப்பு லேயராகச் சாலைகளையும், தொடக்கப் புள்ளிகளாகப் பள்ளிகளையும் கொடுத்து, பாதை வகையில் 'ஷார்ட்டஸ்ட்' என்பதைத் தேர்ந்து, 'டிராவல் காஸ்ட்' கட்டத்தில் 1000 என்று எழுதுங்கள். நடை தூரத்துக்கு இவ்வளவே போதும். மேம்பட்ட அமைப்புகளில் உள்ள திசை, வேகம் ஆகியவற்றை இப்போதைக்கு வெறுமையாக விட்டுவிடலாம்.

உள்ளே நடப்பது புதிர் அல்ல. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட மிகக் குறுகிய வழி காணும் முறையால், பள்ளியிலிருந்து ஒவ்வொரு சந்திப்புக்கும் ஆகும் தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே போய், 1000 மீட்டர் தீர்ந்த இடத்தில் ஒவ்வொரு சாலையையும் கருவி நிறுத்துகிறது.

கருவி ஓடியது, ஆனால் பலகோணம் வரவில்லை. சாலைக் கோடுகள்தான் வந்தன. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

தவறு ஏதுமில்லை. கியூஜிஐஎஸின் இந்தக் கருவி கோடுகளைத்தான் தரும். அடையக்கூடிய சாலைத் துண்டுகள் அனைத்தும், பள்ளி ஒன்றுக்கு ஒரு பல்கோட்டு உருவாக, வந்து சேரும்.

ஏமாற்றம் அடைய வேண்டாம். கணக்கிடப்பட்டது அந்தக் கோடுகள் மட்டுமே. இரண்டு தெருக்களுக்கு இடையே உள்ள வீட்டு மனையோ, வயலோ, குளமோ அடையத்தக்கதா என்று கருவி எதையும் கணக்கிடவில்லை. அந்த இடைவெளிகளை நிரப்பிப் பலகோணம் ஆக்குவது நாம் எடுக்கும் முடிவு, அந்த முடிவுக்கு நாம்தான் பொறுப்பு. ஆகவே கோட்டு லேயரை அழிக்காமல் ஜியோபேக்கேஜ் கோப்பில் சேமித்து வைத்திருங்கள். பிற்பாடு யாராவது பலகோணத்தின் எல்லையைக் கேள்வி கேட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க அதுதான் இருக்கும்.

சரி, கோடுகளைப் பலகோணமாக்குவது எப்படி?

மூன்று வழிகள் உண்டு, மூன்றும் மூன்று விதமான வடிவங்களைத் தரும். முதலாவது, கோடுகளைச் சுற்றி 30 அல்லது 50 மீட்டருக்குப் பஃபர் போடுவது. இதில் பலகோணம் சாலைகளை ஒட்டியே இருக்கும். பக்கத்துத் தெருக்களின் பஃபர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நடுவே எஞ்சும் சிறு ஓட்டைகளை 'டெலீட் ஹோல்ஸ்' கருவியில் ஒரு பரப்பளவு வரம்பு கொடுத்து அடைக்கலாம், அதற்கு மேற்பட்ட பெரிய வெற்றிடங்கள் அப்படியே தங்கும். நான் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றுகிறேன். எத்தனை மீட்டர் என்று வரைபடத்தின் கீழே எழுதிவிட்டால், பார்ப்பவருக்கு எல்லை எப்படி வந்தது என்பது ஐயமின்றிப் புரிகிறது.

இரண்டாவது, கோடுகளின் மேல் புள்ளிகளைப் பரப்பி, அவற்றைச் சுற்றி உறை வரைவது. புள்ளிகளைச் சுற்றி ரப்பர் வளையத்தை மாட்டினாற்போல் வருவது குவி உறை. அது உள்வளைவுகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால் சேவைப் பரப்புக்குப் பொருந்தாது. உள்வளைவுகளுக்குள் நுழைந்து வருவது குழிவு உறை. இதற்குக் கோடு தொடங்கும், வளையும், முடியும் புள்ளிகளான கணுக்களை மட்டும் பிரித்தெடுத்தால் போதாது. நேரான நெடுஞ்சாலையில் இரண்டு கணுக்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான மீட்டர் இருக்கலாம். 'பாயிண்ட்ஸ் அலாங் ஜியாமெட்ரி' கருவியால் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்த பிறகு உறையை வரையுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு சந்திப்புக்கும் கணக்கிட்ட தூரத்தை ஒரு மேட்டின் உயரம் போலக் கொண்டு, இடைமதிப்பீடு செய்து, சமவுயரக் கோடு வரைவதுபோல் எல்லையை வரைவது. கியூநீட்3 செருகுநிரலின் 'ஐசோ ஏரியா' கருவிகள் இதைத்தான் செய்கின்றன. 500, 1000, 1500 என்று பட்டைகளாக வேண்டுமென்றால் இதுவே வசதி. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இக்கரையில் 900 மீட்டர், அக்கரையில் 2900 மீட்டர் என்று மதிப்புகள் இருந்தால், 1000 மீட்டர் எல்லை ஆற்றுக்குள் சிறிது தூரம் சென்று நின்றுவிடும். வரம்பை 3000 மீட்டராக உயர்த்தினாலோ இரு கரைகளோடு காவிரியும் சேர்ந்து சேவைப் பரப்பாகிவிடும். ஆற்றுப் பலகோணத்தை வைத்து 'டிஃபரன்ஸ்' கருவியால் அதைக் கழித்துவிட வேண்டும்.

குழிவு உறைக் கருவியில் 'த்ரெஷோல்டு' என்று ஓர் எண் கேட்கிறது. எவ்வளவு கொடுப்பது?

0 முதல் 1 வரை கொடுக்கலாம். 1 என்றால் குவி உறையே வரும். 0 என்றால் முடிந்த அளவுக்குக் குழிந்து, சாலைகளுக்கு இடையே பிளவு பிளவாக நுழைந்துவிடும். இயல்பாக 0.3 என்று இருக்கும். எல்லா ஊருக்கும் பொருந்தும் எண் ஒன்று இல்லை. தெருக்கள் நெருங்கிய நகரத்துக்கும் சாலைகள் பரவலாக உள்ள கிராமத்துக்கும் வெவ்வேறு எண்கள் பொருந்தும்.

தேர்வு செய்வதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. கடக்க முடியாதது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை, அதாவது ஆற்றையோ, ரயில் பாதையையோ, பெரிய ஏரியையோ எடுத்துக்கொண்டு, உறை அதன் மீது ஏறாமல் விலகும் வரைக்கும் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒப்பிட வேண்டிய எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துங்கள். ஒரு பள்ளிக்கு 0.2, மற்றொன்றுக்கு 0.4 என்று வைத்துவிட்டு அவற்றின் பரப்பளவை ஒப்பிடுவது நியாயமாகாது.

பத்துப் பள்ளிகளுக்குப் போட்டேன். எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பலகோணமாக வந்துவிட்டதே?

குழிவு உறைக் கருவி லேயரில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் ஒரே கூட்டமாகக் கருதிவிட்டது. பள்ளியின் அடையாள எண்ணை வைத்து லேயரைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கருவியை ஓட்ட வேண்டும். 'பேட்ச்' முறையில் அதை ஒரே தடவையில் முடிக்கலாம். பஃபர் வழியில் சென்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 'டிஸால்வ் ரிசல்ட்' என்ற பெட்டியில் குறியிடாமல் விட்டால் பள்ளிக்கு ஒரு பலகோணம் என்றே வரும்.

நடந்து 15 நிமிடம் என்று கணக்கிட 15 கொடுத்தேன். சாலைகள் முழுவதும் நிறம் மாறிவிட்டன. ஏன்?

'ஃபாஸ்டஸ்ட்' வகையில் கருவி மணிக்கணக்கில் எதிர்பார்க்கிறது. நீங்கள் கேட்டது 15 மணி நேரம். 15 நிமிடத்துக்கு 0.25 என்று கொடுக்க வேண்டும். அதோடு இயல்பான வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று இருப்பதையும் மாற்றியாக வேண்டும். மணிக்கு 4.8 கிலோமீட்டர் என்று வைத்தால் 15 நிமிடத்தில் 1200 மீட்டர் வரும். நடைக்கு வேகம் எங்கும் ஒன்றே என்பதால், நேரத்தைத் தூரமாக நீங்களே மாற்றிக்கொண்டு 'ஷார்ட்டஸ்ட்' வகையில் கணக்கிடுவதுதான் தெளிவு.

வண்டிக்கு என்றால் வேக ஃபீல்டு, அதாவது ஒவ்வொரு சாலைக்கும் வேகம் எழுதிய பத்தி, வேண்டும். ஜியோஃபேப்ரிக் தொகுப்பில் வேகம் தெரியாத சாலைகளுக்கு 0 என்று இருக்கும், அப்படிப்பட்ட சாலைகளே இங்கு மிகுதி. ஆகவே சாலை வகையைப் பார்த்து நீங்களே ஒரு வேகத்தை ஃபீல்டு கால்குலேட்டரில் எழுதுங்கள். சந்தைத் தெருவுக்கும் புறவழிச்சாலைக்கும் ஒரே வேகம் கொடுத்த வரைபடம் ஆம்புலன்ஸுக்கு உதவாது.

ஒருவழிச் சாலைகளைக் கவனிக்க வேண்டுமா?

நடப்பவருக்குத் தேவையில்லை. திசை ஃபீல்டை வெறுமையாக விட்டுவிடுங்கள். வண்டிக்குக் கட்டாயம் தேவை. ஜியோஃபேப்ரிக் தொகுப்பில் 'ஒன்வே' ஃபீல்டில் மூன்று எழுத்துகள் இருக்கும். 'எஃப்' கோடு வரையப்பட்ட திசையில் மட்டும், 'டி' அதற்கு எதிர்த்திசையில் மட்டும், 'பி' இருபுறமும்.

பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. கருவி எப்போதும் தொடக்கப் புள்ளியிலிருந்து வெளிநோக்கியே கணக்கிடுகிறது. நிலையத்திலிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டுப் போவதற்கு அது சரி. நோயாளி தன் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வருவதற்குத் திசை தலைகீழ். அதற்கு முன்திசை, பின்திசை மதிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்து ஓட்டினால் உள்நோக்கிய பரப்பு கிடைக்கும். ஒருவழிச் சாலைகள் நிறைந்த நகர மையத்தில் இரண்டு பரப்புகளும் வேறுபடுவதை நீங்களே காணலாம்.

சாலை நன்றாகத்தான் போகிறது, ஆனால் பரப்பு ஒரு சந்திப்பில் சட்டென்று நின்றுவிடுகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் அந்த இரண்டு கோடுகளும் கண்ணுக்குத் தொடுவதுபோல் தெரிந்தாலும் உண்மையில் தொடவில்லை. இரண்டு சாலைகளுக்கும் பொதுவான கணு இருந்தால்தான் கியூஜிஐஎஸ் அவற்றை இணைந்தவையாகக் கருதும். சந்திப்பை நன்றாகப் பெரிதாக்கி, 'வெர்டெக்ஸ் டூல்' கொண்டு பாருங்கள். அரை மீட்டர் இடைவெளி தெரியலாம். 'டோபாலஜி டாலரன்ஸ்' கட்டத்தில் 1 என்று கொடுத்தால் ஒரு மீட்டருக்குள் உள்ள கணுக்கள் இணைந்துவிடும். அதை 10, 20 என்று உயர்த்திக்கொண்டே போகாதீர்கள், இணையக் கூடாத சந்துகளும் இணைந்துவிடும்.

இன்னொரு காரணம் நாமே செய்வது. கோப்பின் அளவைக் குறைக்கச் சிலர் 'சிம்ப்ளிஃபை' கருவியை ஓட்டிவிடுகிறார்கள். அது ஒரு கோட்டின் நடுவே இருந்த சந்திப்புக் கணுவையும் தேவையற்றது என்று நீக்கிவிடும். கோடு அதே வடிவில் தெரியும், இணைப்பு மட்டும் போய்விட்டிருக்கும். வலையமைப்பு லேயரில் அந்தக் கருவியைத் தொடவே கூடாது.

அப்படியானால் எல்லாச் சாலைகளையும் சந்திக்கும் இடங்களில் வெட்டிவிட்டால் பாதுகாப்புதானே?

அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உண்மையான சந்திப்புகளில் பொதுக் கணு ஏற்கெனவே இருக்கிறது. மேம்பாலம் கீழ்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் வேண்டுமென்றே பொதுக் கணு வைக்கப்படவில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் வெட்டினால், கத்திப்பாரா மேம்பாலத்தின் மேலே போகும் வண்டி நடுவழியில் கீழ்ச்சாலைக்கு இறங்கிவிடலாம் என்று மென்பொருள் நம்பிவிடும். கியூஜிஐஎஸுக்கு வெட்டுவது தேவையே இல்லை, கோட்டின் நடுவே உள்ள கணுவையும் அது சந்திப்பாக ஏற்கும்.

நான் முதன்முதலில் செய்த வரைபடத்தில் இந்தத் தவறு இருந்தது. ஒரு ரயில்வே மேம்பாலத்துக்கு அடியில் பரப்பு இயல்புக்கு மாறாக வீங்கியிருந்ததை, அந்தப் பகுதியில் வசித்த மாணவி ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். "சார், இங்கே ஏறுவதற்குப் படிகூடக் கிடையாது" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும், 'பிரிட்ஜ்' ஃபீல்டில் பாலம் என்று குறிக்கப்பட்ட கோடுகளைத் தனி நிறத்தில் காட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே மேலே செல்கிறோம்.

பள்ளி சாலையின் மேல் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம் கணக்கில் வருமா?

கியூஜிஐஎஸ் உங்கள் புள்ளியை மிக அருகில் உள்ள சாலைக் கோட்டோடு கட்டிவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இடைப்பட்ட தூரத்தைச் சேர்க்காது. கியூநீட்3 அதையும் நுழைவுச் செலவாகச் சேர்த்துக்கொள்கிறது. வளாகம் சிறியது என்றால் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல.

இதைவிடப் பெரிய தொல்லை, மிக அருகில் உள்ள சாலை தவறான சாலையாக இருப்பது. திருவரங்கத்தில் கோயிலின் மதில்கள் வீதிகளுக்கு இடையே அடுக்கடுக்காக ஓடுகின்றன. ஒரு கட்டடத்தின் நடுவே வைத்த புள்ளிக்கு, மதிலுக்கு அந்தப்பக்கத்து வீதி சில மீட்டர் அருகில் இருந்துவிடலாம். கணக்கு அங்கிருந்து தொடங்கும். ஆனால் மனிதர் மதிலைத் தாண்ட முடியாது, வாசல் உள்ள இடம்வரை நடந்தாக வேண்டும். ஆகவே புள்ளியைக் கட்டடத்தின் நடுவே வைக்காமல் அதன் வெளிவாசலில், வாசல் திறக்கும் தெருவை ஒட்டி வையுங்கள். இரண்டு வாசல் இருந்தால் இரண்டு புள்ளிகள் வைத்து, வரும் பரப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராஸ், பிஜிரவுட்டிங், ஓப்பன்ரூட்சர்வீஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே, எதை எப்போது எடுப்பது?

கிராஸ் என்ற மற்றொரு திறந்த மூல மென்பொருளில் உள்ள 'வி.நெட்.ஐசோ' வலையமைப்பையே தூரப் பட்டைகளாக வெட்டித் தரும். அதன் உடன்பிறப்பான 'வி.நெட்.அலாக்' ஒவ்வொரு சாலைத் துண்டும் எந்தப் பள்ளிக்கு மிக அருகில் என்று பங்கிட்டுத் தரும். ஒரு தெருவை இரண்டு பள்ளிகள் பகிர்ந்துகொள்ளும்போது எது அருகில் என்ற கேள்விக்கு அதுவே சரியான விடை. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை என்றால் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் பிஜிரவுட்டிங் ஏற்றது.

ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற இணையச் சேவை ஆயத்தப் பலகோணத்தையே தந்துவிடும். கியூஜிஐஎஸில் அதற்கு ஓஆர்எஸ் டூல்ஸ் என்ற செருகுநிரல் உண்டு, இலவசச் சாவி ஒன்று பெற வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை என்ற வரம்பு இருக்கும். வால்ஹல்லா என்ற வழிகாணும் மென்பொருளும் இதைச் செய்யும். அதே வகையைச் சேர்ந்த ஓஎஸ்ஆர்எம் வழிகாட்டுவதில் வேகமானது, ஆனால் அதன் சேவைகளில் ஐசோக்ரோன் இல்லை. ஆயத்தமாக வருவதை எடுக்கும்போது, பலகோணம் எப்படி மூடப்பட்டது என்ற முடிவு உங்கள் கையில் இருக்காது. முதல் பார்வைக்கு அதைப் பயன்படுத்துங்கள், அரசுக்குக் கொடுக்கும் மனுவோடு இணைக்க நீங்களே கணக்கிடுங்கள்.

பிஜிரவுட்டிங்கில் வந்த பலகோணம் கியூஜிஐஎஸில் வந்ததைவிடச் சிறியதாக இருக்கிறது. எது சரி?

பிஜிரவுட்டிங்கின் 'டிரைவிங் டிஸ்டன்ஸ்' வரம்புக்குள் உள்ள சந்திப்புகளை மட்டுமே திருப்பித் தருகிறது. 700 மீட்டரில் ஒரு சந்திப்பு, அடுத்தது 1300 மீட்டரில் என்றால் 700இல் நின்றுவிடும். இடைப்பட்ட 300 மீட்டர் சாலையை நடக்க முடியும் என்றாலும் அது விடுபடும். கியூஜிஐஎஸ் கருவி சரியாக 1000 மீட்டரில் கோட்டை வெட்டுகிறது. நகரத்தில் இது தெரியாது, சந்திப்புகள் அரிதான கிராமச் சாலையில் பரப்பு கணிசமாகச் சுருங்கும். சாலைகளை 50 மீட்டர்த் துண்டுகளாக்கி வலையமைப்பைக் கட்டினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். ஆனால் முன்பு சொன்ன மேம்பாலத் தவறு இங்கே மறுபடி நுழையலாம். கோட்டின் நீளத்தை வைத்துத் துண்டாக்குங்கள், குறுக்கே வெட்டும் இடங்களை வைத்து அல்ல.

பலகோணத்துக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று சொல்லலாமா?

சொல்லலாம், எப்படி வந்த எண் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வார்டு மக்கள்தொகையைப் பரப்பளவுக்கு ஏற்பப் பங்கிடுவது வழக்கம். வார்டு எல்லை ஆற்றின் நடுவரை நீண்டிருந்தால் மணலுக்கும் மக்கள் பங்கிடப்பட்டுவிடுவார்கள் என்பதால் நீர்ப்பரப்பை முதலில் கழித்துவிடுங்கள். வேர்ல்ட்பாப் வெளியிடும் 100 மீட்டர்க் கட்ட மதிப்பீட்டை 'சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' மூலம் கூட்டுவது இன்னொரு வழி. ஒன்றின்மேல் ஒன்று படியும் பரப்புகளைத் தனித்தனியே கூட்டினால் ஒரே குடும்பம் இருமுறை எண்ணப்படும். மொத்தம் வேண்டுமென்றால் பலகோணங்களை இணைத்த பிறகே கூட்டுங்கள்.

வரைபடம் சரியாக வந்திருக்கிறது என்று எப்படி நம்புவது?

எல்லைக்கோட்டின் மேல் நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, அங்கிருந்து பள்ளிவரை நடந்து பாருங்கள். கைப்பேசியில் தடம் பதியும் செயலி ஒன்று இருந்தால் போதும். நாங்கள் ஒருமுறை அப்படி நடந்தபோது, வரைபடத்தில் இல்லாத ஒரு சந்து இரண்டு தெருக்களை இணைப்பதைப் பார்த்தோம். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். அன்று மாலையே அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்து, தரவை மறுபடி இறக்கி ஓட்டியபோது பரப்பு ஒரு தெரு அளவுக்கு விரிந்தது. இதற்கு மாறாக, பூட்டிய வாயிலோ மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலமோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீடு எல்லைக்கு வெளியே வெறும் 40 மீட்டரில் விழுகிறது. பலகோணத்தைக் காட்டி அந்தக் குழந்தைக்கு இடம் இல்லை என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. முன்னரே பார்த்ததுபோல் கணக்கிடப்பட்டது சாலைகள் மட்டுமே. எல்லை எங்கே விழுகிறது என்பது பஃபர் அகலத்தையும், த்ரெஷோல்டு எண்ணையும், தொடக்கப் புள்ளியை எந்த வாசலில் வைத்தீர்கள் என்பதையும் பொறுத்தது. இவை ஒவ்வொன்றும் 40 மீட்டரை எளிதாக இப்படியும் அப்படியும் நகர்த்தும். ஒரு வட்டாரத்தில் எங்கே பள்ளி தேவை என்று திட்டமிடுவதற்கே பலகோணம் பொருத்தமானது.

தனி ஒரு வீட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமானால் பலகோணத்தை ஒதுக்கிவிட்டு, 'ஷார்ட்டஸ்ட் பாத்' கருவியில் அந்த வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையே வழியைக் கணக்கிடுங்கள். வரும் கோட்டை அச்சிட்டு, மீட்டர்க் கணக்கையும் தரவு இறக்கிய தேதியையும் அதன் கீழே எழுதி, அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் காட்டி, "நீங்கள் இந்த வழியாகத்தான் போகிறீர்களா?" என்று கேளுங்கள்.